ஊமைக்குப் போன வரிகள்

மழைக்கு இருட்டிப்போயிருந்த அந்த மார்கழிப் பிற்பகலில், ஒரு வரியும் வரக் கூடாத திரையில் ஒரு வரி வந்து நின்றது.

"பெட்டி 17. பொத்தான் அழுத்தப்பட்டது. 1."

கஜானிக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். சோதனைக்காகத் தன் லெப்டொப்பில் அவள் ஊமையை, வருகிற வரியெல்லாம் விழுங்கிவிடும் ஒரு சின்ன நிரலை, செருகி வைத்திருந்தாள். ஊமை செருகியிருந்தால் திரை வெறுமையாகக் கிடக்கவேண்டும். இரண்டு மணியிலிருந்து அப்படித்தான் கிடந்தது. கறுப்புத் திரை, மூலையில் கண் சிமிட்டும் சின்னக் கோடு, அவ்வளவுதான். வெளியே கல்லடி முழுக்க மழை பெய்துகொண்டிருந்தது. தகரத்தில் விழும் சத்தமும், பீலியால் வழிந்து வாளியில் நிறையும் சத்தமும், எங்கோ நனைந்த நாயின் முனகலும் சேர்ந்து, அந்த மாடி அறைக்குள் ஒருவர் மூச்சு விட்டாலும் கேட்காது என்ற அளவுக்கு இரைச்சலாக இருந்தது. கீழ்வீட்டுக்காரர் கரடியனாற்றில் மகள் வீட்டுக்குப் போய் மூன்று நாளாகிறது. அவர்கள் விட்டுப்போன தேங்காய்ச் சாக்கின் புளித்த மணம் மட்டும் படியேறி வந்துகொண்டிருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐந்து.

பிரதீஸ் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிப் போயிருந்தான். பிரதீஸ் அவள் கணவன். அவள் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிறாள், அவன் அந்தப் பெட்டிகளைத் தோணிகளில் பூட்டுகிறான். இரண்டு பேருக்கும் ஒரே நிறுவனம்தான். காலையில் வயர் சீவும்போது அவனுடைய வலது கட்டைவிரலில் பிளேடு ஆழமாக இறங்கிவிட்டது. கஜானி பிளாஸ்டர் ஒட்டிவிட்டாள்.

"தண்ணி பட்டாக் கழண்டிரும்" என்றாள்.

அவன் மேசையில் கிடந்த கறுப்பு வயர் டேப்பை எடுத்து, பிளாஸ்டருக்கு மேலே நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றிப் பல்லால் கடித்தறுத்தான். "இனி உயிர் போனாலும் இது போகாது, பார்" என்று சிரித்தான். பிறகு பதினெட்டாம் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, தோணிக்காரர் நளீர் காக்காவின் துறையடிக்கு மோட்டார் சைக்கிளில் போனான். அங்கே தோணி ஒன்றை எடுத்து, வாவியின் நடுவரைக்கும் தனியாகத் துடுப்பு வலித்துப் போய், எவ்வளவு தூரத்துக்குப் பெட்டியின் குரல் எட்டுகிறது என்று பார்க்கவேண்டும். போகும்போது வெயில் அடித்தது. மாரிகால வெயிலை நம்பினவன் கதை தெரிந்ததுதானே.

"பெட்டி 17. பொத்தான் அழுத்தப்பட்டது. 2."

கஜானி கதிரையை முன்னே இழுத்துக்கொண்டாள்.

அந்தப் பெட்டி உள்ளங்கையளவு. மஞ்சள் நிறம், நடுவில் சிவப்புப் பொத்தான். தோணி கவிழ்ந்தால், நெஞ்சு வலித்தால், மீன்பிடிக்கிறவர் அதை அழுத்தவேண்டும். நகரத்து அலுவலகத்தில் நிலோஜன் என்ற பொடியனின் திரையிலும் போனிலும் செய்தி விழும். உடனே இயந்திரப் படகு போகும். பெட்டிக்குள் இருக்கும் லைப்ரரி, அதாவது அதைப் பேசவைக்கும் நிரல்தொகுப்பு, கஜானி எழுதியது. அதில் அவளுக்கு ஒரு தலைக்கனமும் உண்டு. லைப்ரரி எழுதுகிறவர் தன்னுடைய லொக் வரிகள், நடப்பதைச் சொல்லும் குறிப்பு வரிகள், எங்கே போகும் என்று தீர்மானிக்கக் கூடாது, அது அதைப் பயன்படுத்துகிறவரின் உரிமை என்று கூட்டங்களில் சொல்லுவாள். லைப்ரரி தன் பாட்டில் பேசும். நடுவில் ஒரு மெல்லிய தட்டு அந்தப் பேச்சை வாங்கும். தட்டின் மறுபக்கம் என்ன செருகியிருக்கிறதோ, திரையோ, கோப்போ, போனோ, அங்கே அது போய்ச் சேரும். ஒன்றும் வேண்டாமென்றால் ஊமையைச் செருகலாம். ஊமை எல்லாவற்றையும் வாங்கும், ஒன்றையும் சொல்லாது, ஒன்றையும் சேர்த்து வைக்காது. பேசுகிற லைப்ரரிக்கு இது தெரியவே தெரியாது. செவிடன் காதில் ஊதின சங்குதான், ஆனால் ஊதுகிறவனுக்கு அவன் செவிடன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எல்லாம் சரியான முறைதான். உலகம் முழுக்க அப்படித்தான் எழுதுகிறார்கள். கஜானி செய்த பிழை ஒன்றே ஒன்று. பெட்டி விடுகிற சாதாரண அலட்டல்கள், மின்கலம் எழுபது வீதம், அலைவரிசை கிடைத்தது என்பவை போகிற அதே தட்டின் வழியாகவே, பொத்தான் அழுத்தப்பட்ட செய்தியையும் அனுப்பினாள். தனி வழி வைக்கவில்லை. முதற்பதிப்புத்தானே, பிறகு பார்க்கலாம் என்று விட்டாள்.

"பெட்டி 17. பொத்தான் அழுத்தப்பட்டது. 5."

மூன்றும் நான்கும் எப்போது வந்தன என்று அவள் கவனிக்கவில்லை.

பதினேழாம் பெட்டி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அவள் முதுகுக்குப் பின்னால், அலுமாரியின் அடித்தட்டில், பழைய சேலைகளுக்குக் கீழே, பொலித்தீனில் சுற்றியபடி. சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி வாங்கி வந்து, மின்கலத்தை அவளே கழற்றி ஒளித்தாள். அந்தப் பெட்டி வலையிறவு ஊர் மீன்பிடிகாரர் வினாயகமூர்த்தியின் தோணியில் இருந்தது. வினாயகமூர்த்தி செத்து இன்றைக்கு முப்பத்தொரு நாள்.

அது நடந்த விதம் இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை, பெரிய இடத்து ஆட்கள் பெட்டியைப் பார்க்க வந்தார்கள். திரை முழுக்க லொக் வரிகள் ஆற்று வெள்ளம் போல ஓடிக்கொண்டிருந்தன. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மேலாளர் காதுக்குள் சொன்னார். கஜானி ஓடிப்போய் தட்டின் அலுவலகத்துப் பக்கத்தில் ஊமையைச் செருகினாள். திரை துப்புரவானது. வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்து, கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். திரும்ப மாற்றவில்லை என்பது வீடு போகும் பஸ்ஸில், கல்லடிப் பாலத்தில் போகும்போதே அவளுக்கு ஞாபகம் வந்தது. இதைத்தான் அவள் இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. ஞாபகம் வந்தது. போனை எடுத்து நிலோஜனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை பார்ப்போம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் புயற்காற்றடித்தது. ஞாயிறு காலை வினாயகமூர்த்தியைக் கரையோரச் சதுப்பில் நிற்கும் கண்ணாக்காட்டின் வேர்களுக்குள் இருந்து எடுத்தார்கள். திங்கள் விடிய ஆறரைக்கு, யாரும் வருமுன், கஜானி ஊமையைக் கழற்றிவிட்டாள். அறிக்கையில் எழுதினாள்: "சனிக்கிழமை பெட்டி 17இலிருந்து எந்தச் செய்தியும் எமக்கு வந்து சேரவில்லை." ஒரு சொல்லும் பொய்யில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவள் சோற்றையே பூசணிக்காய்க்கு மேல் அழகாக அடுக்கி வைத்தாள்.

தனி வழியை அதற்குப் பிறகும் வைக்கவில்லை. வைத்தால், ஏன் இப்போது வைக்கிறாய் என்று யாராவது கேட்பார்கள்.

"பெட்டி 17. பொத்தான் அழுத்தப்பட்டது. 23."

மூன்று முப்பத்திரண்டு.

வரிகள் சீராக வரவில்லை. கடகடவென்று நாலைந்து வரும், பிறகு இடைவெளி விடும். அந்த இடைவெளி அவளுக்கு விளங்கியது. அது ஒரு மனுசன் அழுத்திவிட்டு, கரைப் பக்கம் திரும்பிப் பார்க்கிற நேரம். யாரும் வரவில்லை என்று கண்டு திரும்ப அழுத்துகிற நேரம்.

எழுந்து அலுமாரியைத் திறந்தாள். சேலைகள் அடியில் ஈரமாக இருந்தன. வாவியின் மணம், சேறும் இறாலும் அழுகின பாசியும் கலந்த அந்த மணம், அலுமாரிக்குள் இருந்து முகத்தில் அடித்தது. பொலித்தீன் பொதியைத் தூக்கினாள். உள்ளே அரைக் கோப்பை தண்ணீர் ஆடியது. ஏறத்தாழ ஒரு மாதமாகக் காய்ந்து கிடந்த பொதி அது. பெட்டியின் பின்மூடி திறந்தே இருந்தது, மின்கலம் இருக்கவேண்டிய குழி வெறுமையாக இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புப் பொத்தான் உள்ளே போனது.

மெதுவாகப் போனது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு மேலே வந்தது. மேசையில் திரை ஒரு தரம் மினுங்கியது.

"24."

பொதியைக் கீழே போட்டாள். அது பாயில் விழுந்து நனைத்தது. இது ஏதோ மின்கசிவு, ஈரத்தால் வருகிற கோளாறு என்று உரக்கச் சொல்லிப் பார்த்தாள். சொன்னது அவள் காதுக்கே நம்பும்படியாக இல்லை. அதற்குள் வேறொரு பயம் வந்து இந்தப் பயத்தைத் தள்ளிவிட்டது. அந்தப் பயத்துக்கு ஆவியும் வேண்டாம், பேயும் வேண்டாம். அவளுடைய ஊமைக்குள்ளேயே இந்த வரி வருகிறதென்றால், நகரத்தில் நிலோஜனின் திரையில் வராதா? அங்கே திரையும் போனும் அல்லவா செருகியிருக்கிறது? அவன் பார்ப்பான். பதினேழு அழுத்தினதா என்று கேட்பான். கேள்விமேல் கேள்வி வரும்.

கஜானி உட்கார்ந்தாள். விரல் பிழைவிடவில்லை. அலுவலகத்துப் பக்கத்தைத் திறந்து, திரையைக் கழற்றினாள். போனைக் கழற்றினாள். ஊமையைச் செருகினாள்.

ஐந்து நிமிடத்தில் நிலோஜன் அழைத்தான்.

"அக்கா, இஞ்ச திரை சும்மா கிடக்கு. நீங்களா மாத்தினீங்க?"

"ஓம். ஒரு சோதனை. ஆறு மணிக்குத் திறந்து விடுறன்." பிறகு கேட்டாள், "அதுக்கு முதல் ஏதும் வந்ததா?"

"ஒண்டும் இல்ல. பதினெட்டு மட்டும், மின்கலம் எண்பது எண்டு சொல்லிக்கொண்டு கிடந்தது." அவனும் கேட்டான். "அக்கா, பிரதீஸ் அண்ணன் ஆத்திலயெல்லோ? பெட்டியோட?"

வாவியை ஊரில் ஆறு என்றுதான் சொல்வார்கள். கஜானி யன்னலைப் பார்த்தாள். மழை வெள்ளைத் திரையாக நின்றது.

"அவர் மூண்டு மணிக்கே கரையேறியிருப்பார்" என்றாள்.

நிலோஜனின் திரையில் பதினேழு வரவேயில்லை. அப்படியென்றால் அது தனக்கு மட்டும்தான் வருகிறது. இதை அவள் விளங்கிக்கொண்டாள். விளங்கின பிறகும் ஊமையைக் கழற்றவில்லை. இனி வந்தாலும் வரலாம் என்று நினைத்தாள். பிரதீசுக்கு அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன். வாவிக்கரையில் மழைக்கு எப்போதும் அப்படித்தான்.

நூறு தாண்டியது. நூற்றைம்பது தாண்டியது. பாயில் கிடந்த பெட்டி டிக் டிக் என்று அழுத்தப்படுகிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. கஜானி ஒரு தலையணையை எடுத்து அதன்மேல் போட்டாள். தலையணைக்குள்ளும் கேட்டது. இத்தனை தரம் அழுத்தினாரா? ஒரு மனுசன் இத்தனை தரமா நம்புவான்?

ஐந்து மணிக்குக் கரண்ட் போனது. அறையில் திரையின் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. போன் அடித்தது. பிரதீஸ் என்று பாய்ந்து எடுத்தாள்.

"தங்கச்சி, இராசாத்தி கதைக்கிறன்."

வினாயகமூர்த்தியின் பொஞ்சாதி. செத்தவீட்டில் எல்லோரும் குழறி அழுதபோது, அழாமல் கஜானியின் கையைப் பிடித்து ஒரே கேள்வியைக் கேட்டவள்.

"சொல்லுங்க அக்கா."

"இண்டைக்கு முப்பத்தொண்டு. படையல் வைச்சிட்டு இருக்கன். மீன் காய்ச்சி, சோறு போட்டு, தண்ணி வைச்சாச்சு. இனி அவரச் சாப்பிடக் கூப்பிடணும். எனக்கு வாய் வருகுதில்ல புள்ள."

கஜானி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்டைக்குக் காலையில சண்டை. என்ன சண்டை எண்டுகூட இப்ப ஞாபகமில்ல. 'நீ ஆத்தோட போ' எண்டு சொல்லிப்போட்டன். மனுசன் ஒண்டும் கதைக்காமப் போயிட்டார்." இராசாத்தியின் குரல் சமையலறையில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி அமைதியாக இருந்தது. "பெட்டி கையில இருந்தது. அமத்தினா ஆக்கள் வருவாங்க எண்டும் தெரியும். நான் சொன்னதுக்காகத்தான் அமத்தாம இருந்தவரோ? அத மட்டும் சொல்லுங்க தங்கச்சி. இனிக் கேக்கமாட்டன். அமத்தினவரா, இல்லையா?"

"பெட்டி 17. பொத்தான் அழுத்தப்பட்டது. 207."

"பெட்டி 17. பொத்தான் அழுத்தப்பட்டது. 208."

ஓம் அக்கா என்ற இரண்டு சொல் போதும். கஜானிக்கு அது தெரியும். அந்த இரண்டு சொல்லில் ஒரு பெண் மிச்ச ஆயுளுக்கும் மூச்சு விடுவாள். ஆனால் ஓம் என்றால், எப்படித் தெரியும் என்ற அடுத்த கேள்வி வரும். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன.

"இல்ல அக்கா" என்றாள். "ஒண்டும் வரேல்ல."

இராசாத்தி, "சரி" என்றாள். போன் நின்றது.

209. 210. 211.

பிறகு வரவில்லை.

தலையணைக்குக் கீழே சத்தம் நின்றது. மழை மட்டும் பெய்தது. கஜானி கதிரையில் சாய்ந்து அழுதாள், வெட்கத்திலும் ஆறுதலிலும் அழுதாள், எது கூடுதல் என்று அவளுக்கே தெரியவில்லை. முடிந்தது என்று நினைத்தாள். அவள் லைப்ரரிக்குள் மொத்தம் நாற்பத்தொரு வசனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் அவள் எழுதினவை. நாற்பத்தொன்றில் இல்லாத ஒரு வசனம் அப்போது திரையில் வந்தது.

"பெட்டி 17. சரி."

கீழே கேற்றின் கொளுக்கி கழன்றது.

வெளிப்படியில் கால்சத்தம். நனைந்த காலின் சத்தம், ஒவ்வொரு படியிலும் தண்ணீர் சொதசொதவென்று வழிய, அவசரமில்லாமல் ஏறி வந்தது. கஜானியின் நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. பிரதீஸ். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கவில்லைதான். இந்த மழையில் எது கேட்கும்?

அவள் அவசரமாகத் திரைப் பக்கம் திரும்பினாள். இந்த வரிகளை அவன் பார்க்கக் கூடாது. ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள். கதவு திறந்தது. ஈரக்காற்று வந்து கழுத்தில் பட்டது. கால்கள் அறைக்குள் வந்து, அவள் கதிரைக்குப் பின்னால் நின்றன. தண்ணீர் சொட்டியது.

"நனைஞ்சிட்டீங்களா?" திரும்பாமலே கேட்டாள். முகத்தைப் பார்த்தால் எல்லாம் வாயில் வந்துவிடும் என்று பயந்தாள். "துவாய் கட்டில்ல கிடக்கு. துடையுங்க."

துவாயை யாரும் எடுக்கவில்லை. கோபம் வந்தால் பிரதீஸ் பேசமாட்டான். மழைக்குள் அனுப்பிவிட்டாள் என்ற கோபமாக இருக்கும்.

"தேத்தண்ணி போட்டுத் தாறன், இருங்க. இத மட்டும் முடிச்சிட்டு."

சொட்டு. சொட்டு. பாசி மணம். அலுமாரியில் வந்த அதே மணம்.

போன் அடித்தது. நிலோஜன்.

"அக்கா, பிரதீஸ் அண்ணன் வந்திட்டாரா? நளீர் காக்கா போன் எடுத்தவர். தோணி இன்னும் துறைக்கு வரேல்லையாம். அண்ணன்ட பைக் அங்கேயே நிக்குதாம். ரெண்டு எஞ்சின் போட் ரெடியா நிக்குது, போகவா எண்டு கேக்கிறார். உங்களுக்கு ஏதும் வந்ததா? பட்டன் ஏதும்?"

கஜானிக்குச் சிரிப்பே வந்தது.

"அவர் வந்திட்டார், நிலோஜன். இஞ்ச, எனக்குப் பின்னால நிக்கிறார். தோணிய வேற இடத்தில விட்டுட்டு பஸ்ஸில வந்திருப்பார். ஒண்டும் வரேல்ல. ஆக்களத் திரும்பச் சொல்லுங்க."

"அப்பாடா" என்றான். "சரி அக்கா. காக்காட்டச் சொல்லிவிடுறன்."

போனை மேசையில் வைத்தாள்.

பின்கழுத்தில் ஒரு விரல் வந்து பட்டது.

குளிர்ந்த, ஊறிப்போன ஒரு கட்டைவிரல். முள்ளெலும்பு தொடங்குகிற இடத்தில் அது அழுத்தியது. ஒரு கணம் நின்றது. பிறகு விலகியது. விளையாட்டு என்றுதான் நினைத்தாள். சிரிக்க வாயெடுத்தாள். விரல் திரும்ப அழுத்தியது. அழுத்தி, நின்று, விலகியது.

திரை மினுங்கியது.

"பெட்டி 18. பொத்தான் அழுத்தப்பட்டது. 143."

கஜானி அதை வாசித்தாள். திரும்ப வாசித்தாள். எண்ணிக்கை பெட்டிக்குள்ளேயே ஏறும். அப்படி எழுதினதும் அவள்தான். நூற்று நாற்பத்திரண்டு தரம் அழுத்தியாயிற்று. எல்லாம் ஊமைக்குப் போயிருக்கிறது.

விரல் திரும்ப வந்தது. இந்தத் தரம் அவள் அதைத் தோலால் பார்த்தாள். தோல் உரிந்த, கொழகொழத்த சதை. நகம் ஆடியது.

பிளாஸ்டர் இல்லை. டேப் இல்லை.

"144."

போனைப் பாய்ந்து எடுத்தாள். கை நழுவியது. எடுத்தாள். நிலோஜன் உடனே பதிலளித்தான்.

"அக்கா?"

எஞ்சின் போட்ட அனுப்பு, அவர் ஆத்தில கிடக்கிறார், அவர் அமத்துறார், போட்ட அனுப்பு என்று கஜானி கத்தினாள். தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். வாய் அசைந்தது. மூச்சு போனது. சத்தம் வரவில்லை. மழைச் சத்தம் மட்டும் அறையில் இருந்தது.

"அக்கா? ஹலோ? ஒண்டும் கேக்குதில்ல அக்கா. மழைக்கு லைன் போகுது போல. நான் நாளைக்கு எடுக்கிறன்."

"145."

விரல்.

மேசையில் அறைந்தாள். மேசை சத்தம் போடவில்லை. ஊமையைக் கழற்ற விசையைத் தட்டினாள். தட்டத் தட்டத் திரை அப்படியே நின்றது. எழ முடியவில்லை. கழுத்தில் இருந்த விரல் பாரமாக இல்லை, ஆனாலும் எழ முடியவில்லை.

"146."

இடைவெளி நீண்டது. கரையைத் திரும்பிப் பார்க்கிற நேரம்.

"147."

விரல் அழுத்தியது. நின்றது. விலகியது.

மழை.

"148."

அவள் காத்திருந்தாள். வா, இன்னும் ஒன்று வா என்று திரையைப் பார்த்து வாயசைத்தாள். சின்னக் கோடு கண் சிமிட்டியது. சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது.

நூற்று நாற்பத்தொன்பது வரவில்லை.

கீழே கேற்றின் கொளுக்கி கழன்றது.

படியில் நனைந்த கால். ஒன்று. ஒன்று. அவசரமில்லாமல். கதவு திறந்தே இருந்தது. அறைக்குள் வந்தது. முதல் ஆளுக்குப் பக்கத்தில் நின்றது. இப்போது இரண்டு இடத்தில் தண்ணீர் சொட்டியது.

கழுத்தில் முதல் விரலுக்கு அருகே இரண்டாவது விரல் வந்து பட்டு, அழுத்தியது. அதில் கறுப்பு டேப் நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றியிருந்தது.